முட்டைகளுக்குப் பன்னிரண்டு வாட்

வீட்டில் எல்லோரும் அவளைக் கனாக்காரி என்றுதான் கூப்பிடுவார்கள். தட்டில் கை வைத்தபடியே மேகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள். சாப்பாடு ஆறிப்போகும்.

அன்று மாலை அவள் ஒரு மரப்பெட்டியின் மேல் கன்னத்தை வைத்துச் சாய்ந்திருந்தாள். உள்ளே நான்கு வாத்து முட்டைகள். தாய் வாத்து கூட்டை விட்டுப் போய்விட்டதால், அந்தப் பெட்டிதான் அவற்றுக்கு அம்மா. குஞ்சு பொரியும் நாளும் நெருங்கிவிட்டது. ஓடுகளுக்குள் நான்கு பேர் சுருண்டு படுத்து, இன்னும் பார்க்காத குளத்தைக் கனவு காண்பதாக அவளுக்குத் தோன்றும்.

பெட்டிக்குச் சூடு தந்த சின்ன பல்பு மதியம் ஃபியூஸ் போய்விட்டது. கடையிலும் கிடைக்கவில்லை. அண்ணன்தான் எல்லாம் தெரிந்த ஏகாம்பரம் ஆயிற்றே! பழைய ஹேர் டிரையரின் சுருள் கம்பியில் ஒரு துண்டு வெட்டி, பேட்டரியில் மாட்டிவிட்டான்.

"அண்ணா, வெப்பமானி ஏறிக்கிட்டே போகுது. குஞ்சுங்க வெந்துடும்."

"அவ்வளவுதானே? கம்பியில பாதியை வெட்டிடுறேன். கம்பி குறைஞ்சா சூடும் குறையும்."

கேட்க நியாயமாகத்தான் இருந்தது. ஆனாலும் அவளுக்கு மனசு ஒப்பவில்லை.

"கொஞ்சம் இரு. அளந்து பார்த்துடலாம்."

அம்மா ஒரு பட்டறையில் மோட்டார்களுக்குக் கம்பி சுற்றுகிறார். அவருடைய மீட்டர் மேசைமேல் இருந்தது. அளந்தார்கள். பன்னிரண்டு வோல்ட், மூன்று ஆம்பியர். உடனே கம்பியைக் கழற்றி, பெட்டியைத் திறந்து வைத்தாள்.

"வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினா வாட். முப்பத்தாறு."

பழைய பல்பைத் திருப்பிப் பார்த்தாள். '12 வோல்ட், 12 வாட்' என்று எழுதியிருந்தது.

"மூணு மடங்கு சூடு. பாவம்."

"அதனாலதான் வெட்டலாம்னு சொல்றேன்."

"வோல்ட்டை ஆம்பியரால வகுத்தா மின்தடை. நாலு ஓம் வருது. பாதியா வெட்டினா ரெண்டு ஓம்தான். அப்போ எத்தனை ஆம்பியர் ஓடும்?"

அண்ணன் மனக்கணக்குப் போட்டான். "பன்னிரண்டை ரெண்டால வகுத்தா ஆறு. அப்படின்னா... எழுபத்திரண்டு வாட்." கத்தரியை மெதுவாகக் கீழே வைத்தான். "ஆம்லெட்டே ஆகியிருக்கும்."

கனாக்காரி கண்ணை மூடினாள். கம்பிக்குள் மின்சாரம் போவது தெரிந்தது. சந்து குட்டையாக இருந்தால் எல்லோரும் திமுதிமுவென்று ஓடுகிறார்கள். சந்து நீண்டால் நடை தளர்ந்துவிடுகிறது. அவளும் கூடவே கொஞ்ச தூரம் நடந்தாள்.

"ஏய், தூங்கிட்டியா?"

"இல்ல. பன்னிரண்டு வாட்டுக்கு ஒரு ஆம்பியர் போதும். அதுக்குப் பன்னிரண்டு ஓம் வேணும். கம்பியை மூணு மடங்கு நீளமாக்கணும்."

"சூட்டைக் குறைக்கக் கம்பியைக் கூட்டணுமா? எல்லாம் தலைகீழா இருக்கே."

முணுமுணுத்தாலும், அதே நீளத்தில் இன்னும் இரண்டு துண்டுகள் வெட்டி, முனையோடு முனை முறுக்கிச் சேர்த்தான். மீட்டர் ஒரு ஆம்பியர் காட்டியது.

பெட்டியை மூடினார்கள். வெப்பமானி சரியான கோட்டில் வந்து நின்றது. முட்டைகள் மட்டும் அசையவே இல்லை. அவளுக்கு அழுகை வந்தது. அண்ணனும் பயந்துதான் போயிருந்தான். நொடிக்கொரு தரம் குனிந்து வெப்பமானியைப் பார்த்தான்.

அம்மா வேலையிலிருந்து வந்தார். "என் மீட்டரை யாரு எடுத்தது?"

இருவரும் உதட்டில் விரல் வைத்தார்கள். ஒரு முட்டைக்குள்ளிருந்து டொக், டொக் என்று கேட்டது. ஓட்டில் மெல்லிய விரிசல் ஓடியது. ஈரமான சின்ன அலகு ஒன்று வெளியே எட்டிப் பார்த்தது.

அம்மா பையை ஓசைப்படாமல் இறக்கிவைத்துவிட்டு, அவர்கள் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துகொண்டார்.