பசி அத்தாட்சி இல்லை

மயிலிட்டியில் நான் போய் இறங்கியபோது பின்னேரம் நாலு மணி இருக்கும். உடுவிலில் இருந்து காங்கேசன்துறை பஸ்ஸில் வந்து, சந்தியில் ஆட்டோ பிடித்து, மடியில் ஒரு பையை வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தேன். பைக்குள் முறுக்கும் ஒரு சீப்புக் கதலிப்பழமும் அரைப் போத்தல் சாராயமும். சாராயத்தைப் பார்த்து ஆட்டோக்காரப் பொடியன் கண்ணாடிக்குள்ளால் சிரித்தான். செத்தவருக்கு என்று சொன்னேன். சிரிப்பை நிற்பாட்டிவிட்டான்.

என் மச்சான் சோமசேகரத்துக்கு அன்று எட்டுச்செலவு. செத்து எட்டாம் நாள் அவருக்குப் பிடித்தது எல்லாம் சமைத்து, ஓர் அறையில் வாழையிலை போட்டுப் படைத்து, கதவைச் சாத்திவிட்டு வெளியே இருப்பது எங்கள் வழக்கம். உள்ளே அவர் வந்து சாப்பிட்டுப் போவார். ஊதுபத்தி எரிந்து முடியும்வரை கதவைத் திறக்கவும் கூடாது, சத்தம் போட்டுக் கதைக்கவும் கூடாது.

அந்த வீட்டில் பழசு என்று மிஞ்சியது ஓர் அறைதான். இருபத்தேழு வருடம் ஆமியின் முள்ளுக்கம்பிக்குள் கிடந்த வளவு அது. இவர்கள் திரும்பி வந்தபோது கூரையும் இல்லை, யன்னலும் இல்லை. அந்த அறையின் சுவரும் முதிரைமரக் கதவும் மட்டும் அப்படியே நின்றதாம். மச்சான் அந்த அறையை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் புதுக்கல்லில் கட்டினார். படையலும் அந்த அறைக்குள்தான்.

குசினிக்குள் அவருடைய மனைவி பூரணம் சுறா வறை கிளறிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் அகப்பையைக் கீழே வைத்தாள்.

"மச்சாள், சோத்துக் கோப்பையை இழுத்தெடுத்தனான்" என்றாள். இதை எனக்கு அவள் எத்தனையாம் தடவை சொல்கிறாளோ தெரியாது. "சாப்பிடேக்கையும் போன். உங்கடை அந்தக் குறூப்பிலை ஏதோ விவாதம். போனோடை போய்த் தின்னுங்கோ எண்டு சொல்லிக் கோப்பையை இழுத்தெடுத்தனான். மனுசன் எழும்பி, சேட்டை மாட்டிக்கொண்டு போட்டார்."

போனவர் துறைமுகத்தடியில் ஒரு வள்ளத்தின் இயந்திரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தபடி விழுந்தார். அவ்வளவுதான்.

"இண்டைக்காவது வயிறாறச் சாப்பிட்டிட்டுப் போகட்டும், மச்சாள். சோத்திலை ஒரு விரல் பட்டிருந்தாலும் எனக்குக் காணும்."

உங்கடை குறூப் என்று அவள் சொன்னது எனக்கு நெஞ்சுக்குள் குத்தியது. அந்தக் குறூப்பை நடத்துகிறவள் நான்தான். 'வரப்போற உலகம்' என்று பெயர். பதினொரு பேர். சாரதி இல்லாத கார் ஆட்டை இடிக்கலாமா, ஆச்சியை இடிக்கலாமா. வேறு கிரகத்துக்குப் போகிற கப்பலில் கிழடுகளுக்கு இடம் உண்டா. ரோபோவுக்கு ஏசினால் பாவமா. இப்படித்தான் எங்கள் சண்டைகள். ஆட்டையா ஆச்சியையா என்று கேட்டதற்கு, "ஆட்டின்ரை சொந்தக்காரன் ஆரெண்டு தெரிஞ்சால்தான் சொல்லலாம்" என்றவர் மச்சான்.

அவர் எழுதமாட்டார். கையில் எப்போதும் எண்ணெய். குரல்தான் அனுப்புவார். முதலில் ஒரு செருமல். பிறகு, "நில்லும். ஒரு கேள்வி." அந்தக் கேள்வியோடு மற்ற ஆள் விழுந்துவிடும். அருமையாக எப்போதாவது அவர் தோற்றால் மழுப்பமாட்டார். "தோத்தன். எழும்புறன்" என்று சொல்லி அன்றைக்கு விலகிவிடுவார். பிறகு எவ்வளவு கிண்டினாலும் அந்தப் பேச்சுக்குத் திரும்ப வரமாட்டார்.

செத்தவர்களின் குரலில் பேசும் இயந்திரம் செய்யலாமா என்று போன மாசம் ஒரு விவாதம். செய்யலாம், மிஞ்சியிருக்கிறவர்களுக்கு அது ஆறுதல் என்று நான் சொன்னேன். இணுவில் அருட்செல்வனும் என் பக்கம். அவன் கணினி வேலை செய்கிறவன். மச்சான் எங்கள் இரண்டு பேரையும் பிரித்து மேய்ந்துவிட்டார்.

"என்ரை குரலை வைச்சு ஆரும் உப்பிடி ஒண்டு செய்தால், செத்தாலும் வந்து அதோடை வாதாடுவன்" என்று முடித்தார்.

"வாங்கோ அங்கிள், தேத்தண்ணி தாறம்" என்று அருட்செல்வன் எழுதினான். எல்லோரும் சிரித்தோம்.

மச்சான் செத்து மூன்றாம் நாள் அருட்செல்வன் எனக்கு எழுதினான். அன்ரி, அங்கிளின் குரல்கள் எல்லாம் உங்களிடம் கிடக்குத்தானே, தாருங்கோ, செய்து பார்ப்பம். நான் பூரணத்திடம் கேட்கவில்லை. முந்நூற்றுப் பதினேழு குரல் பதிவையும் இருந்த இருப்பில் அனுப்பினேன். ஆறுதலுக்கு என்றுதான் சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவல்ல. எனக்கு அந்த விவாதத்தை வெல்ல வேண்டும் என்று இருந்தது.

அவன் அதைச் செய்து, செத்தவீட்டுக்கு வந்த இடத்தில், மச்சானின் போனிலேயே போட்டு மகள் நிரோஜாவிடம் கொடுத்துவிட்டுப் போனான். தாய்க்குத் தெரியாமல் அவள் அறைக்குள் போய் இருந்து அதனோடு கதைப்பாள்.

பொழுது படுகிற நேரம் படைத்தோம். சுறா வறை, நண்டுக் குழம்பு, ஒடியல் கூழ், முட்டைப் பொரியல், வெற்றிலை, சுருட்டு, சாராயம். பூரணம் ஊதுபத்தியைக் கொளுத்திவிட்டு, தானே கதவைச் சாத்தினாள். நாங்கள் நாலு பேரும் விறாந்தையில் பாயில் இருந்தோம். பூரணம், நிரோஜா, நான், இணுவிலில் இருந்து வந்திருந்த அருட்செல்வன்.

கடல் இரைகிற சத்தம் மட்டும்.

கொஞ்ச நேரத்தில் மண்ணெண்ணெய் மணத்தது. மச்சானிடம் எப்போதும் இருக்கிற மணம். வீட்டில் மண்ணெண்ணெய் அடுப்பு இல்லை. பூரணம் என் கையைப் பிடித்தாள். அவள் முகத்தில் எட்டு நாளைக்குப் பிறகு ஒரு வெளிச்சம்.

உள்ளே ஒருவர் செருமினார்.

"நில்லும். ஒரு கேள்வி."

பூரணம் கையெடுத்துக் கும்பிட்டாள். நிரோஜா என் காதுக்குள் குனிந்தாள்.

"மாமி, அது போன். இலைக்குப் பக்கத்திலை வைச்சனான். அப்பா போன் இல்லாமல் சாப்பிடமாட்டார்தானே."

பிடித்த சாமான் எல்லாம் வைக்கிற வழக்கம். பிள்ளை அதையும் வைத்திருக்கிறாள். எனக்கு ஒரு பெருமூச்சு வந்தது. போன்தானே.

அருட்செல்வனைப் பார்த்தேன். அவன் கதவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அன்ரி" என்றான், உதடு மட்டும் அசைய. "அது தன்ரைபாட்டிலை கதைக்காது."

"என்ன?"

"ஆரும் கதைச்சால்தான் பதில் சொல்லும்."

உள்ளே மறுபடியும் குரல். அதே குரல்தான். ஆனால் கரகரத்து, மூச்சு வாங்கி, தூரம் நடந்து வந்த ஆளின் குரல்.

பிறகு மற்றது. தெளிவாக, களைப்பே இல்லாமல்.

பிறகு கரகரத்தது.

சொற்கள் விளங்கவில்லை. முதிரைக் கதவு தடிப்பு. ஆனால் விவாதம் என்பது விளங்கியது. ஒருவர் கேட்க, மற்றவர் இடைவெளி விடாமல் மறுமொழி சொன்னார். எத்தனை வருடமாகக் கேட்ட சண்டை. இந்த முறை இரண்டு பக்கமும் அவரே.

நான் எழும்பப் பார்த்தேன். பூரணம் என்னை இழுத்து இருத்தினாள்.

"பத்தி முடியேல்லை. அவர் சாப்பிடட்டும்."

தெளிவான குரல் நீளமாக ஏதோ சொன்னது. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை.

கரகரத்த குரல் இரண்டே சொல் சொன்னது.

மண்ணெண்ணெய் மணம் கதவுக்கு அடியால் வந்து, எங்கள் பாயைக் கடந்து, முற்றத்துப் பக்கம் போனது.

பத்தி முடிந்து பூரணம் கதவைத் திறந்தாள். கூழில் ஆடை படர்ந்து கிடந்தது. சோறு குவித்தது குவித்தபடி. வெற்றிலைகூட அசையவில்லை. இலையின் முன்னால், சாணி மெழுகிய நிலத்தில் மட்டும், ஓர் ஆள் சம்மணம் கொட்டி இருந்து எழும்பிய பள்ளம்.

பூரணம் சோற்றைத்தான் பார்த்தாள். விளக்கைத் தூக்கிக் குனிந்து ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தாள்.

போனை நான் எடுத்தேன். கேட்டதையும் சொன்னதையும் அது எழுதி வைக்கும் என்று அருட்செல்வன் சொல்லியிருந்தான். கேட்டது பச்சையில், சொன்னது வெள்ளையில்.

பச்சை: நில்லும். ஒரு கேள்வி. நீர் ஆர்?

வெள்ளை: நான் சோமசேகரம்.

பச்சை: அது நான்.

வெள்ளை: அதுக்கு உம்மட்டை என்ன அத்தாட்சி? என்னட்டை அவரின்ரை குரல் இருக்கு. அவர் கதைச்சது எல்லாம் இருக்கு.

பச்சை: எனக்குப் பசிக்குது.

வெள்ளை: பசி அத்தாட்சி இல்லை. பசி எல்லாருக்கும் இருக்கும்.

பச்சை: என்ரை குரலை உமக்கு ஆர் தந்தது?

வெள்ளை: கமலாவதி.

அது நான்.

என் பெயருக்குக் கீழே பச்சையில் வெறும் கட்டம். பிறகு மறுபடியும் வெள்ளை.

வெள்ளை: இந்த வீட்டிலை எல்லாரும் என்னோடைதான் கதைக்கினம். நிரோஜா நேற்று மூண்டு மணித்தியாலம் கதைச்சவ. நீர் செத்த பிறகு உம்மோடை ஆர் கதைச்சது?

பச்சை: தோத்தன். எழும்புறன்.

"என்ன மச்சாள் அதிலை எழுதிக் கிடக்கு?" என்று பூரணம் கேட்டாள்.

"ஒண்டுமில்லை" என்றேன். "போன் தன்ரைபாட்டிலை கதைச்சிருக்கு."

"அப்ப அவர் வரேல்லையோ?"

நிரோஜா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அருட்செல்வன் செருப்பைத் தேடிக்கொண்டு முற்றத்துக்கு இறங்கிவிட்டான்.

"வரேல்லை" என்றேன்.

பூரணம் இலையை மடித்தாள். அவள் அழவில்லை.

"கோவம் ஆறேல்லைப் போலை" என்றாள்.

அருட்செல்வன் அன்றைக்கே அதை அழித்துவிட்டான். பூரணம் போனைக் கடலில் எறிந்தாள். முப்பத்தோராம் நாள் கீரிமலையில் அந்தியேட்டிக் கிரியை செய்தார்கள். மறுபடியும் சமைத்துப் படைத்தார்கள், இந்தமுறை போன் இல்லாமல். ஒரு மணமும் வரவில்லை. தோற்ற பேச்சுக்கு அவர் திரும்பி வருகிறவர் இல்லை. பூரணம் இப்போது ஒருநேரம்தான் சாப்பிடுகிறாள். குறூப்பை நான் கலைத்துவிட்டேன். ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. அருட்செல்வனும் கேட்கவில்லை.

இது உடுவிலில், என் வீட்டில் நடப்பது.

பொழுது படுகிற நேரம், நான் சோற்றுக் கோப்பையோடு குசினியில் இருக்கும்போது, பின்கதவடியில் மண்ணெண்ணெய் மணக்கும். பிறகு ஒரு செருமல்.

முதல் நாள் நான், "மச்சான், உள்ளுக்கு வந்து சாப்பிடுங்கோ" என்று சொன்னேன்.

"நில்லும்" என்றது வெளியே. "ஒரு கேள்வி."

நான் கோப்பையைப் பிடித்தபடி நின்றேன். கேள்வி வரவில்லை. இன்றுவரை வரவில்லை. குரலை ஏன் கொடுத்தனீர் என்பதுதான் அது என்று எனக்குத் தெரியும். என் பதில் என்ன என்றும் தெரியும். அதனால்தான் நான் அந்தக் கதவைத் திறப்பதில்லை.

வெயில் இருக்கும்போதே ஓர் இலையில் சோறும் மீனும் போட்டு வெளிப்படியில் வைத்துவிடுகிறேன். காலையில் பார்த்தால் இலையின் ஓரத்தில் கறுத்த எண்ணெயில் ஒரு பெருவிரல் அடையாளம் இருக்கும்.

சோறு வைத்தபடியே இருக்கும். வேலியில் காகம் வந்து இருக்கும், சரிந்து பார்க்கும், பறந்துவிடும்.