வெளிச்சத்துக்கு வராதவை

ஊசியில் குத்தியபோது எல்லாவற்றையும் தலை மேலே இருக்கும்படிதான் வைத்திருந்தான் ஞானதுரை. இப்போது பெட்டிக்குள் இருந்த விட்டில்கள் அத்தனையும் மேற்குச் சுவருக்கு முதுகைக் காட்டித் திரும்பியிருந்தன. கண்ணாடி மூடியைத் திறந்த அடையாளமே இல்லை. அந்துருண்டை வாசனை மட்டும் போய், ஈர மண்ணும் அழுகின பலாவும் கலந்தாற்போல ஒரு நெடி மூக்கில் ஏறியது.

யாரிடம் சொல்ல? சொல்லும் நேரமா இது?

ஐம்பத்தெட்டாம் வருஷத்துச் சாரல். பொழுது சாயுமுன்பே மேகம் மலையைவிட்டு இறங்கி, குற்றாலத்துப் பங்களாவின் வராந்தா வரைக்கும் வந்து இருட்டிக்கொண்டு நின்றது. வராந்தாவுக்குள் பிரம்பு நாற்காலியில் சிவசுப்பிரமணியன். தென்காசிக்காரர்தான், மெட்ராஸில் மியூசியம் அதிகாரி. ஞானதுரை ஆறு வருஷமாகச் சேர்த்த பூச்சிகளைப் பார்வையிட வந்திருந்தார். அவர் தலையாட்டினால் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் பிள்ளை உண்டாகியிருக்கும் மனைவி சுகிர்தத்திடம் வெறுங்கையோடு போய் நிற்க வேண்டியதுதான்.

"எல்லாம் எங்கன பிடிச்சீரு?"

"இந்த வராந்தாவுலதான் ஸார். வெள்ளை வேட்டியக் கட்டி, பக்கத்துல பெட்ரோமாக்ஸ வச்சா, மலையில உள்ள பூச்சி அத்தனையும் தானா வருது."

"அத்தனையுமா? வெளக்குக்கு வருதது வருது. வராதது?"

ஞானதுரை பெட்டியின் கண்ணாடி மூடியைத் துடைத்தான்.

"இது குத்தாலத்துப் பூச்சி இல்லவே, உம்ம பெட்ரோமாக்ஸ் பூச்சி. பந்தியில உக்காந்தவன எண்ணிட்டு, ஊரே இம்புட்டுத்தான்னா எப்படி?" அவர் நாற்காலியில் சாய்ந்தார். "அணையும். வராதவுகளையும் பாப்போம்."

"இங்கன நான் ஒருநாளும் வெளக்க அணைச்சிட்டு உக்காந்ததில்ல ஸார்."

"அதத்தானவே நானும் சொல்லுதேன்."

திருகினான். விளக்கின் மேண்டில் வலை சிவந்து, சாம்பல் நிறமாகி, செத்தது. சீறல் அடங்கியது.

முழுசாக அடங்கவில்லை.

இத்தனை வருஷமாக விளக்கின் சத்தம் என்று அவன் நினைத்திருந்ததில் பாதி, விளக்குடையது இல்லை. அது ஓட்டுக்கடியில் இருந்தது. தூணுக்குப் பின்னால் இருந்தது. இப்போது வராந்தாவுக்குள் இருந்தது.

"வருதுவே," என்றார் சிவசுப்பிரமணியன், சந்தோஷமாக. "என் கையில ஒண்ணு..."

நாற்காலி ஒருமுறை கிரீச்சிட்டது. பிறகு, நிதானமாக வெற்றிலை மெல்லுகிற மாதிரி ஒரு சத்தம்.

"ஸார்?"

வத்திப்பெட்டி சாரலில் நமுத்திருந்தது. உரசினான். இன்னொன்று. கடைசிக் குச்சி பற்றியது.

பூச்சிக்குக் கட்டின வெள்ளை வேட்டி பளிச்சென்று வெறுமையாகத் தொங்கியது. ஒரு கொசு கூட இல்லை. நாற்காலியில் சட்டையும் வேஷ்டியும் உட்கார்ந்த வாக்கிலேயே இருந்தன. மூக்குக்கண்ணாடி நெஞ்சில் சரிந்து கிடந்தது. உள்ளே ஆள் இல்லை.

சுடரைக் கையால் பொத்திக்கொண்டான். வெளிச்சம் இருக்கும்வரை அவை வராது. வராது. அப்படியென்றால், இப்போது எங்கே?

பெட்டிக்குள் லேசாக ஒரு சரசரப்பு. விட்டில்கள் ஊசியோடு திரும்பிக்கொண்டிருந்தன. மெல்ல. எல்லாம் ஒன்றுபோல.

அவனுக்கு முதுகைக் காட்டி.

ஞானதுரை பின்னால் பார்த்தான். கிழக்குச் சுவரில் அவன் நிழல். சாரலில் நனைந்த கம்பளி மாதிரி கனத்து. ஓரமெல்லாம் நெளிந்துகொண்டு.

இடது கையைத் தாழ்த்தினான்.

நிழல் தாழ்த்தவில்லை.

குச்சி விரலைச் சுட்டது.