பாதம் கழுவிய தண்ணீர்

பெரிய வியாழன். மாலை ஆறரை மணி.

தண்ணீர்த் தொட்டியின் மேலிருந்து லோகு இறங்கி வந்தான். கீழே நின்றவர்கள் என்னவென்று கேட்டார்கள். ஏணியைப் பிடித்தபடியே குனிந்து வாந்தி எடுத்தான்.

தொட்டிக்குள் மலம் கிடந்தது. அந்தத் தண்ணீரில்தான் காலையிலிருந்து அத்தனை பிள்ளைகளும் பல் துலக்கினார்கள், குடித்தார்கள். அதில் வெந்த சோற்றைத்தான் தின்றார்கள்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குப் பின்னால், இரும்பு உருக்கும் ஆலைகளின் கரி வந்து படிகிற இடத்தில் இருக்கிறது அந்த இறையியல் கல்லூரி. போதகர் ஆவதற்குப் படிக்கிற இடம். மதில் சுவர் உயரம். சுவர் உயரமாக இருந்தால் உள்ளே சுத்தம் என்று நம்புகிறவர்கள் நம்பட்டும்.

அன்று இரவே அந்தோணி என்ற மாணவனையும் இன்னும் சிலரையும் பொன்னேரி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள்.

பெரிய வெள்ளி. காலை ஒன்பது மணி.

சப்-இன்ஸ்பெக்டர் தமிழ்செல்வி ஜீப்பிலிருந்து இறங்கும்போதே கல்லூரி முதல்வரும் தானியேல் ஐயரும் வாசலில் நின்றார்கள். மாணவர்களின் ஜெபம், உபவாசம், விடுதி ஒழுக்கம் எல்லாவற்றுக்கும் தானியேல்தான் பொறுப்பு. பிள்ளைகளின் ஆத்துமாவை வளர்க்கிறவர் என்று பேர்.

"யாரு மேல சந்தேகம்?"

"சந்தேகமே இல்ல மேடம். லோகு. தொட்டிப் பூட்ட ஒடச்சவன் அவன். அவனே ஒத்துக்கிறான். திங்கக்கிழமை எல்லார் முன்னாடியும் சொல்லவும் செஞ்சான்," என்றார் தானியேல்.

"இன்னா சொன்னான்?"

தானியேல் தயங்கினார். தயங்குவது அவருக்கு நன்றாக வரும். "'நாங்க அள்றத ஒரு நாள் நீங்க குடிச்சுப் பாருங்க'ன்னு."

"எத அள்றாங்க?"

"அது வந்து, தாழ்மைப் பயிற்சின்னு ஒண்ணு வெச்சிருக்கோம். ஜெபத்துக்கு லேட்டா வர்றவங்க கழிவறை கழுவணும். ஆண்டவரே சீஷர்களோட காலக் கழுவினாரே."

"நீங்க கழுவுவீங்களா?"

"நேத்து நாலு மணிக்குக்கூட பன்னெண்டு மாணவர்களுக்குப் பாதம் கழுவி முத்தம் குடுத்தேன் மேடம். அதுல லோகுவும் ஒருத்தன்."

"கழிவறையக் கேட்டேன்."

முதல்வர் குறுக்கே வந்தார். பிற்பகலுக்குள் லோகுவைக் கல்லூரியைவிட்டு நீக்கிவிடுவோம், பத்திரிகைக்காரர்கள் மட்டும் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். ஆஸ்பத்திரியில் கிடக்கிற பிள்ளைகளைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை.

லோகுவுக்குக் கடைசி வருடம். பரீட்சை முடிந்தால் அவன் காலனியிலிருந்து அங்கி போடும் முதல் ஆள் அவன்தான். அவன் அம்மாவுக்குத் தேர்வாய் கண்டிகையில் ஒரு கம்பெனியில் காண்ட்ராக்ட் வேலை. மகன் பிரசங்கம் பண்ணுவதைப் பார்த்துவிட்டுத்தான் சாவேன் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருப்பவள்.

சாப்பாட்டுக் கூடத்தில் அவனை உட்கார வைத்திருந்தார்கள்.

"அப்படிச் சொன்னியா?"

"சொன்னேன் மேடம். லேட்டா வந்தா புது ஹாஸ்டல் பசங்களுக்கு பைபிள்ல சங்கீதம் மனப்பாடம். பழைய ஹாஸ்டல்ல இருக்கிற எங்களுக்குக் கக்கூசு. குழி ரொம்பினா அதயும் நாங்கதான் பக்கெட்டுல அள்ளணும். ஈஸ்டர் முடிஞ்சு ஆய்வுக் குழு வருது, அவங்ககிட்ட சொல்லுவேன்னு சொன்னேன். அதுக்கு ஐயரு, உனக்குத் தாழ்மை போதலன்னாரு. அப்பதான் அந்த வார்த்த வந்துச்சு."

"பூட்ட எதுக்கு ஒடச்ச?"

"மத்தியானத்துலேந்தே நாத்தம். சாயந்திரம் அந்தோணி வாந்தி எடுத்துக்கினே இருந்தான். சாவி கேட்டுப் போனா, மோட்டார் போடுறவரக் காணல; ஐயரு தியானத்துல இருக்காரு, தொந்தரவு பண்ணாதன்னுட்டாங்க. மேல ஏறிக் கல்லால அடிச்சு ஒடச்சேன்."

"நீ போற வரைக்கும் பூட்டு பூட்டித்தான் இருந்துச்சா?"

"பூட்டித்தான் தொங்கினு இருந்துச்சு மேடம்."

மோட்டார் போடுகிற வீரராகவன் படிக்கட்டில் சுருண்டு உட்கார்ந்திருந்தார். ராத்திரி முழுக்கப் பேதி. பக்கத்தில் பாதி காலியான தண்ணீர் பாட்டில்.

"இன்னாய்யா, நீயும் குடிச்சியா?"

"பேஜாரா பூட்ச்சு மேடம். நேத்து பூரா அதான் குடிச்சேன். நாத்தம்னு பசங்க சொன்னப்ப ஏணியில ஏறிப் பாத்தேன். பூட்டு ஒழுங்காத்தான் இருந்துச்சு. பைப்புல எலி கிலி செத்திருக்கும்னு எறங்கிட்டேன். தொறந்து பாத்திருக்கணும்."

"சாவி யார் யாருகிட்ட?"

"எங்கிட்ட ஒண்ணு. ஐயருகிட்ட ஒண்ணு."

அடுத்து தமிழ்செல்வி சேப்பலுக்குள் போனார். முந்தின நாள் சடங்கு நடந்தபடியே எல்லாம் கிடந்தன. பன்னிரண்டு நாற்காலி, வெள்ளைத் துண்டு, எவர்சில்வர் பேசினில் கால் கழுவிய தண்ணீர். அமளியில் யாரும் கொட்டவில்லை. தமிழ்செல்வி பேசினின் உள்பக்கத்தை விரலால் தடவினார். விரலை முகர்ந்தார். ஒன்றும் ஒட்டவில்லை, நாற்றமும் இல்லை. வெளியே குழாயடியில் இருந்த பக்கெட் முழுக்கச் செங்காவி படிந்திருந்தது.

சமையல்காரி கங்கம்மா அந்தப் பக்கம் வந்தாள்.

"எல்லாம் அதே தொட்டித் தண்ணியா?"

"ஐயரு ஊடு ஒண்ணுக்குத்தான் தனித் தொட்டி மேடம். மத்தபடி கிச்சன், ஹாஸ்டல், இந்தக் கொழா எல்லாம் ஒண்ணுதான். ராத்திரி புடிச்சு வெச்சா காலைல காவியா பூடும்."

அங்கி மாற்றும் அறைக் கதவுக்குப் பின்னால் இரண்டு நீலத் தண்ணீர்க் கேன்கள் காலியாகக் கிடந்தன. அதைப் பற்றியும் கங்கம்மாவிடம் ஒரு கேள்வி கேட்டுக்கொண்டார்.

பகல் பதினொன்றே முக்கால்.

மூன்று மணி நேர ஆராதனைக்குச் சனங்கள் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். தானியேல் வெள்ளை அங்கியை மாட்டிக்கொண்டிருந்தார். அதே அறைக்குள் முதல்வரையும் லோகுவையும் வீரராகவனையும் தமிழ்செல்வி அழைத்து வந்தார்.

"ஐயரே, நேத்து நீங்க அந்தத் தண்ணி குடிக்கலியா?"

"இந்த வாரம் முழுக்க எனக்கு உபவாசம். ராத்திரி வீட்லதான் கொஞ்சம் குடிப்பேன்."

"நல்லது. பூட்டு ஒடஞ்சது சாயந்திரம். நாத்தம் வந்தது மத்தியானம். அப்ப பூட்டு ஒழுங்கா இருந்துச்சு. போட்டவன் சாவி போட்டுத் தொறந்து, போட்டுட்டு, திரும்பப் பூட்டிக்கினு போயிருக்கான். சாவி ரெண்டு பேருகிட்ட. வீரராகவன் போட்டிருந்தா, நாத்தம் வந்தப்புறமும் அதக் குடிச்சிக்கினு இருப்பாரா?"

"என் சாவி மேசை மேலதான் கிடக்கும். யார் வேணும்னாலும் எடுத்திருக்கலாம்."

"இருக்கலாம். லோகு, வருசா வருசம் பாதம் கழுவ எங்கேந்து தண்ணி புடிப்பீங்க?"

"வெளியே இருக்கிற கொழாய்ல மேடம். நாங்கதான் புடிச்சு வெப்போம். இந்த வாட்டி ஐயரு வாணான்னுட்டாரு."

தமிழ்செல்வி காலால் ஒரு கேனை உருட்டிவிட்டார். அது அங்கியின் ஓரத்தில் போய் முட்டி நின்றது.

"புதன்கிழமை சாயந்திரம் இந்த ரெண்டு கேனயும் நீங்களே ஸ்கூட்டியில வெச்சுக்கினு வந்தீங்க. சமையலுக்கான்னு கேட்ட கங்கம்மாகிட்ட, கை வெக்காதன்னு சொன்னீங்க. அந்தப் பேசின்ல காவியும் இல்ல, நாத்தமும் இல்ல. எல்லாம் கேன் தண்ணி."

"போர் தண்ணி உப்பு மேடம். பரிசுத்தமான ஆராதனைக்கு..."

"போன வருசம் உப்பு இல்லியா? சோறு தண்ணிக்கு உபவாசம்னு சொல்லித் தப்பிச்சிட்டீங்க. ஆனா பாதம் கழுவித்தான ஆவணும். கைய உள்ள விடணும். கழுவுன கால்ல வாய வெக்கணும். புள்ளைங்க குடிக்கலாம்னு நெனச்ச தண்ணியில உங்களுக்குக் கை வெக்க மனசு வரல. அந்தத் தண்ணி கெட்டுப் போவும்னு புதன்கிழமையே தெரிஞ்சவன் போட்டவன் மட்டுந்தான்."

உள்ளே சனங்கள் பாட்டைத் தொடங்கிவிட்டார்கள்.

தானியேல் லோகுவைப் பார்க்கவில்லை. முதல்வரைத்தான் பார்த்தார். "ஆய்வுக் குழு முன்னாடி என்னய நிக்க வெச்சிருப்பான் ஐயா. அவனே வாய விட்டான். நான் அதத்தான்..." அதற்கு மேல் அவர் சொல்லவில்லை. சொன்னதே போதும்.

"மேடம், ஆராதனை மட்டும் முடியட்டுமே," என்றார் முதல்வர். "சனம் வந்துடுச்சு."

"வேற யாரயாச்சும் பேசச் சொல்லுங்க. பக்கெட்டுல அள்ள விட்டதுக்கு உங்க மேலயும் தனியா கேசு வரும். எங்கயும் போயிடாதீங்க."

அங்கியோடே தானியேலை ஜீப்பில் ஏற்றினார்கள்.

லோகுவிடம் யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. அவனும் நின்று எதிர்பார்க்கவில்லை. லாரித் தண்ணீர் வந்திருந்தது. அவன் ஒரு பக்கெட் பிடித்துக் குழாயடிக் கல்லில் உட்கார்ந்தான். செங்கல் துண்டு ஒன்றை எடுத்து வலது பாதத்தின் மேல்பக்கத்தைத் தேய்த்தான்.

கங்கம்மா பார்த்துக்கொண்டே நின்றாள். "இன்னாடா பண்ற? தோலு வந்துடப் போவுது."

"வரட்டும்க்கா," என்றான் லோகு. "இங்கதான் முத்தம் குடுத்தாரு."