சொல்லெண்ணி அனுப்பிய சரக்கு

எழுந்ததும் பல் துலக்குவதற்கு முன், அமலோற்பவம் காதுக்குப் பின்னால் பதித்திருந்த செவிமணியைத் தட்டி, நேற்று குவிமாடத்தில் அதிகம் பேசப்பட்ட சொல் எது என்று கேட்டாள். செவ்வாய்க் கிரகத்தில் எல்லாரும் காலையில் முதல் வேலையாகச் செய்வது அதுதான்.

“சாப்பிடு,” என்றது செவிமணி. அவளுக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அதே சொல்தான்.

பூமியிலுள்ள குடியேற்றச் சபை மனுக்களை ஒழித்து வெகுகாலம் ஆகிறது. மனு எழுதுகிறவன் கூட்டி எழுதுவான். தன்னை அறியாமல் பேசும் பேச்சில் பொய் இருக்காது என்பது சபையின் கண்டுபிடிப்பு. ஆகவே எல்லார் பேச்சையும் செவிமணி கேட்டது. சொல்லெண்ணி என்ற இயந்திரம் எண்ணியது. எந்தச் சொல் மிகுதியோ அதுவே அந்தக் குவிமாடத்தின் தேவை என்று முடிவுகட்டி, சரக்குக் கப்பலை நிரப்பி அனுப்பியது.

படித்தவர்கள் கூடிச் செய்த ஏற்பாடு, கேட்கவா வேண்டும்! இங்கிலாந்து வழியினர் வாய்க்கு வாய் ‘சாரி’ என்றார்கள். அவர்கள் குவிமாடத்தில் குற்றம் மலிந்துவிட்டதென்று சொல்லெண்ணி காவல் ரோபோக்களை இறக்கியது. ஆஸ்திரேலியர் பேசியதும் ஆங்கிலம்தான். ஆனால் அவர்கள் எதற்கெடுத்தாலும் ‘நோ வொரீஸ்’ என்றார்கள். கவலையே இல்லாதவர்களுக்கு எதற்கு என்று, இருந்த ஒரே மனநல மருத்துவரையும் திரும்ப அழைத்துக்கொண்டது.

தமிழர் குவிமாடத்தில் அரிசியும் பருப்பும் கூரை முட்டக் கிடந்தன. காற்று வடிகட்டிதான் தேய்ந்துபோயிருந்தது. உள்ளே புகுந்த செம்புழுதி அவள் கணவர் இருதயராஜின் நெஞ்சில் போய் உட்கார்ந்துவிட்டது. அடுத்த கப்பலில் புது வடிகட்டி வந்தால் பிழைப்பார், இல்லையென்றால் இல்லை.

குவிமாடத்தார் கூடிய கூட்டத்தில் அமலோற்பவம் எல்லாரையும் கையெடுத்துக் கும்பிட்டாள். “கப்பல் கெளம்புற வரைக்கும் சாப்பாட்டுப் பேச்சையே விட்டுருங்க. காத்து, காத்துன்னு மட்டும் சொல்லுங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.”

“இது என்னம்மா பெரிய காரியம்? சொல்லிட்டாப் போச்சு,” என்றார் குவிமாடத் தலைவர் கோமதிநாயகம்.

சொல்லவும் செய்தார்கள். விளையாடும் பிள்ளைகள்கூடக் காத்து, காத்து என்று கத்திக்கொண்டு ஓடின. ‘காற்று’ மளமளவென்று மேலேறி, ‘சாப்பிடு’வை எட்டிப்பிடிக்கும் தூரத்துக்கு வந்தது. அமலோற்பவத்துக்கு உயிர் திரும்பியது போலிருந்தது.

அந்தச் சமயம் பார்த்து இருதயராஜ் மயங்கி விழுந்தார். செய்தி தெரிந்ததும் குவிமாடமே அவள் வீட்டில் திரண்டுவிட்டது.

“மொகமே வாடிப்போச்சே! சாப்டியாம்மா?” என்றார் கோமதிநாயகம். அவள் பதறி உதட்டில் விரல் வைத்தாள். அவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். அதற்குள் அவர் மனைவி முன்னால் வந்து, “அவ எங்க சாப்பிட்டிருப்பா? ரெண்டு வாய் சாப்பிடு தாயி, சாப்பிட்டாத்தானே அவரைக் கவனிக்க முடியும்,” என்றாள்.

“ஐயோ, காத்துன்னு சொல்லுங்க!” என்று அமலோற்பவம் அலறினாள்.

“சொல்றோம்மா, சொல்றோம். மொதல்ல நீ சாப்பிடு.”

வந்தவர்களெல்லாம் கேட்டார்கள். அவர்கள் மேல் கோபப்பட்டு என்ன செய்வது? கட்டிக்கொண்டு ஆறுதல் சொல்லிப் பழகாத ஜனங்கள். துக்க வீட்டில் சொல்ல அவர்களிடம் அந்த ஒரு சொல்தான் இருந்தது.

கூட்டம் கலைந்த பிறகு இருதயராஜ் கண் விழித்தார். இத்தனை வருட வாழ்க்கையில் உன்மேல் ஆசை என்று ஒரு முறைகூட அவர் வாய்விட்டுச் சொன்னதில்லை. மூச்சு இழுக்க, அவள் கையைத் தேடிப் பிடித்தார்.

“நீ சாப்டியா?”

“சாப்டேங்க,” என்று பொய் சொன்னாள். சொல்லெண்ணி இரண்டையும் எண்ணிக்கொண்டது.

கப்பல் வந்தது. “உங்கள் பசியை அறிந்தோம். வழக்கத்தைவிட இரு மடங்கு அனுப்பியிருக்கிறோம்,” என்றது செவிமணி. அதற்குள் இருதயராஜைச் செம்மண்ணில் புதைத்திருந்தார்கள். சடங்குக்கு வந்தவர்கள் அவளை உட்காரவைத்து, அந்த அரிசியில் வடித்த சோற்றை வற்புறுத்தி ஊட்டினார்கள்.

அதன்பின் அவள் அநேகமாகப் பேசுவதையே விட்டுவிட்டாள். சில மாதங்களில் கோமதிநாயகத்தின் மனைவியும் இருமத் தொடங்கிப் படுத்த படுக்கையானாள். காற்றைத் தவிர வேறு எதையும் பேசுவதில்லை என்று வழியெல்லாம் மனத்துக்குள் சொல்லிக்கொண்டே அமலோற்பவம் பார்க்கப் போனாள்.

கட்டிலையொட்டி, மழிக்காத தாடியோடு கோமதிநாயகம் தரையில் உட்கார்ந்திருந்தார். அவளைப் பார்த்ததும் அவருக்கு அழுகை வந்துவிட்டது. அமலோற்பவம் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

“அண்ணே,” என்றாள், “சாப்டீங்களா?”