ஆணி பிடுங்கிய மரம்

மூடி போட்டு மெழுகுவத்தியை அணைத்து வெகுநேரமாகியும் கண்ணாடிக் குவளைக்குள் சடசடப்பு நிற்கவில்லை.

மணிமேகலை காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். அவள் வார்க்கும் மெழுகுவத்திகளில் நூலுக்குப் பதில் மெல்லிய மரச்சீவல்தான் திரி; அது எரியும்போது அடுப்பில் சுள்ளி வெடிப்பதுபோல மெல்லச் சத்தம் வரும். அந்தச் சத்தத்துக்காகத்தானே பெங்களூர்க்காரர்கள் அவளிடம் தேடி வாங்குகிறார்கள்! ஆனால் தீயே இல்லாத திரி எதற்கு வெடிக்க வேண்டும்? பாப்பிரெட்டிப்பட்டியில் சாயங்காலம் பிடித்த மழை தகரத்தில் கொட்டிக்கொண்டிருக்க, கரண்டும் போய், எமர்ஜென்சி லைட்டின் மங்கல் வெளிச்சத்தில் அலமாரியின் நிழல் சுவரேறிக் கூரைவரை படிந்திருந்தது. கணவனுக்கு ஓசூர் கம்பெனியில் ஷிப்டு. வீட்டில் அவளும், உள்ளறையில் காய்ச்சலோடு படுத்திருந்த மகள் தர்ஷினியும்தான். பிள்ளைக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாதே என்று காலையிலிருந்து நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தொழிலில் அவள் படு கறார். திரி பாதி அரிசி அளவுக்கு மேல் நீண்டால் புகையும். கருகிய நுனியைக் கிள்ளிவிட்டுத்தான் மறுபடி பற்றவைக்க வேண்டும். முதல் தடவை மெழுகு விளிம்புவரை உருகும்வரை அணைக்கக் கூடாது. திரைச்சீலையும் பிள்ளைகளும் எட்டாத இடத்தில் வைக்க வேண்டும். வாங்குகிறவர்களிடம் சொல்லிச் சொல்லி அவளுக்கு வாயே வலிக்கும். இப்போதும் அதே கறாரோடு மூடியைத் திறந்து நுனியைக் கிள்ளினாள். மல்லிகை வாசனைக்கு அடியிலிருந்து, குப்பென்று, முடி பொசுங்கும் நாற்றம். விரலிடுக்கில் கரியோடு ஒரு முடி வந்தது. இழுத்தாள். வந்துகொண்டே இருந்தது.

திரிக்கு மரம் சீவிக் கொடுத்த தச்சர் சின்னராஜுக்குப் போன் போட்டாள்.

“அண்ணா, புதுசா குடுத்தீங்களே, அது என்ன மரம்ங்கண்ணா?”

“புளியமரம்மா. ரோடு அகலம் பண்ண வெட்டுனாங்கல்ல, அது. நல்லா வைரம் பாஞ்ச கட்ட.” சற்றுத் தயங்கினார். “ஆணிதான் ஏகத்துக்கும் இருந்துச்சு. அத்தனையும் புடுங்கிட்டுத்தான் அறுத்தேன்.”

“ஆணியில முடி சுத்தியிருந்துச்சாண்ணா?”

“அது... இருந்துச்சும்மா. பழைய மரந்தானே, என்னாவப் போவுதுன்னு...”

அடப்பாவி! பேய் பிடித்தவர்களை இழுத்து வந்து, உச்சிமுடியை முறுக்கி ஆணியடித்து, பேயை அதோடு விட்டுப் போகிற மரம் அல்லவா அது! பஸ்ஸில் போகிறவர்கள்கூட அந்த இடம் வந்தால் தலையை உள்ளே இழுத்துக்கொள்வார்கள். அதைப் போய்ச் சீவிக் கொடுத்திருக்கிறாரே மனுஷன். அதைத் தன் வீட்டுக்குள்ளேயே எரித்திருக்கிறாளே இவள்.

உள்ளறையில் கட்டில் கிறீச்சிட்டது.

ஓடினாள். தர்ஷினி தரையில் உட்கார்ந்திருந்தாள். பின்னல் அவிழ்ந்து முடி முகத்தை மூடியிருந்தது. தலை மெல்லச் சுழன்றது. பிறகு வேகமாக. முடி சுவரில் அடித்தது. சடார். சடார்.

“ஏ கண்ணு! அம்மாவப் பாரு கண்ணு!”

“எரியுதுடி,” என்றது பிள்ளையின் வாய். வயதான ஒருத்தியின் குரல். “அடச்சு வெச்சது பத்தாதுன்னு கொளுத்தியும் வுட்டீங்களா?”

பெற்ற மனம் யோசித்துக்கொண்டு நிற்குமா? சுத்தியலை எடுத்தாள். ஆணி. பிள்ளையைக் கதவு நிலைக்கு இழுத்து வந்தாள். உச்சிமுடியைக் கொத்தாகப் பிடித்து, முறுக்கி, மரத்தோடு சேர்த்து அடித்தாள். ஓர் அடி. இன்னொன்று. இன்னும் ஒன்று.

தலை நின்றது.

“அம்மா...” சொந்தக் குரல்தான். “வலிக்குதும்மா. என்ன எதுக்கும்மா கட்டிப் போட்டிருக்க?”

நெற்றியைத் தொட்டாள். காய்ச்சல்கூட விட்டிருந்தது. மணிமேகலைக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. முடியைக் கத்தரித்துப் பிள்ளையை விடுவிக்க வேண்டும், அவ்வளவுதான். கத்தரிக்கோலுக்குக் கை நீட்டினாள்.

கை போகவில்லை.

அவளுடைய கொண்டை தானாக அவிழ்ந்தது. முடி முதுகில் சரிந்தது. கழுத்து ஒரு பக்கம் சாய்ந்தது. அவள் சாய்க்கவில்லை. சுத்தியலைக் கீழே போட நினைத்தாள். விரல்கள் இறுகின.

“அம்மா, போதும்மா. அவுத்து வுடும்மா.”

ஓடிடு கண்ணு, ஓடிடு. வாய் திறக்கவில்லை. தலை சுழலத் தொடங்கியது. கால் ஓர் அடி முன்னால் நகர்ந்தது. சுத்தியல் மேலே எழுந்தது.

பிள்ளை ஓடத்தான் பார்த்தது. ஆணி விடவில்லை.