நாற்பத்தெட்டு டிக்

மகள் வீட்டுச் சமையலறைக் குழாயில் கை கழுவியபோது விரல் நுனியில் எறும்பு கடித்தாற்போலச் சுருக்கென்றது. டிக் சார் கையை உதறிக்கொண்டார். ஜன்னலில் நல்ல மத்தியான வெயில். குளியலறைக் கதவுக்குப் பின்னால் தண்ணீர் விடாமல் கொட்டிக்கொண்டிருந்தது.

அவர் வந்தபோது மகள் உள்ளேயிருந்தே குரல் கொடுத்திருந்தாள். "கதவு சும்மாதான் சாத்தியிருக்கு, உட்காருங்கப்பா. ஒரு நிமிஷம்ப்பா."

மின்சாரப் பரிசோதகரான அவருக்கு டிக் சார் என்பது ஆபீஸ் வைத்த பெயர். இருபத்திரண்டு வருட சர்வீஸில் மேலதிகாரிகளைத் தவிர வேறெதன் முன்னும் அவர் குனிந்ததில்லை. ஆறு மாதத்துக்கு முன் இதே கட்டடத்தின் நாற்பத்தெட்டு வீடுகளையும் குடியிருப்போர் சங்கச் செயலாளர் அறையில், மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்தபடியே, படிவத்தில் வரிசையாக டிக் அடித்துப் பரிசோதித்து முடித்தார்.

"நீங்க மாடி ஏறணுமா சார்? உங்க கையெழுத்தைப் பார்த்தாலே கரண்ட்டு பயப்படும்" என்றார் செயலாளர். டிக் சார் அதை அடக்கமாக ஒப்புக்கொண்டார். போன மாதம்தான் மகள் இங்கே குடிவந்தாள். அப்பா பார்த்த கட்டடம் என்ற தைரியம்.

சட்டைப் பையில் அலங்காரமாகச் செருகியிருந்த, கரண்ட் பார்க்கும் டெஸ்டரை எடுத்துக் குழாயில் வைத்தார்.

அதன் சின்ன விளக்கு எரிந்தது.

பாத்திரம் கழுவும் தொட்டிக்கடியில் இருந்த அலமாரியைத் திறந்து, முழங்கால் சொடக்கென்று சத்தமிட, குனிந்தார். ஈரமும் துருவுமாக ஒரு வாடை. தண்ணீர்க் குழாயிலும் கேஸ் குழாயிலும் பித்தளைப் பட்டை அழகாக மாட்டியிருந்தது. இரண்டிலிருந்தும், கசியும் கரண்ட்டை மண்ணில் இறக்க வேண்டிய எர்த் ஒயர், பச்சையும் மஞ்சளுமாக, சமர்த்தாகச் சுவருக்குள் போயிற்று. ஒப்புக்கு இழுத்துப் பார்த்தார். கையோடு வந்துவிட்டது. ஒரு சாண் நீளம். அவ்வளவுதான். மறுமுனை எதிலும் சேரவே இல்லை.

அலமாரிக் கதவின் உட்புறத்தில் சான்றிதழ். 'எர்த் இணைப்பு: சரி.' கீழே, வால் சுழித்த அவருடைய கையெழுத்து.

குளியலறைக்குப் போவதும் இதே இரும்புக் குழாய்தான்.

"அம்மாடி! குழாயைத் தொடாதே!"

"ஒரு நிமிஷம்ப்பா."

அதே குரல். அதே இழுப்பு. முன்பு சொன்னதிலிருந்து இம்மியும் மாறாமல்.

ஓடிப்போய் மெயினை அணைத்தார். ஃபிரிட்ஜின் முனகல் நின்றது. மின்விசிறி தளர்ந்து நின்றது. திரும்பி வந்து டெஸ்டரைக் குழாயில் வைத்தார்.

விளக்கு எரிந்தது.

இந்த வீட்டுக் கரண்ட் இல்லை. மேலேயோ கீழேயோ ஏதோ ஒரு வீட்டிலிருந்து குழாய் வழியாக வருகிறது. எந்த வீடு? நாற்பத்தெட்டிலும் டிக்.

"அம்மாடி, பேசுடா!"

"ஒரு நிமிஷம்ப்பா."

குரல் கதவுப் பக்கமிருந்து வரவில்லை. அலமாரிக்குள்ளிருந்து வந்தது. குழாயிலிருந்து.

குளியலறைக் கதவில் தோளால் மோதினார். ஒருமுறை. இன்னொருமுறை. தாழ்ப்பாள் தெறித்தது.

வெந்நீர் ஆவி. ஈரத் தரை. சுவரோரம் சரிந்து உட்கார்ந்திருந்தாள் மகள். திறந்த கண்கள். அசையாத உதடுகள். மேலே நீண்டிருந்த கை மட்டும் குழாயை இறுகப் பிடித்திருந்தது. விரல்களுக்கிடையே தண்ணீர்.

"ஒரு நிமிஷம்ப்பா" என்றது குழாய்.