தண்ணீர் இறங்குகிறது

மழை விட்டு அரை நாளாகியும் சமையலறைக்குப் பின்னால் வாய்க்கால் ஓடிக்கொண்டிருந்தது. கூமராக் கிழங்கு கழுவிய மண் தண்ணீரை அதில் கொட்டக் குனிந்த ஹினெவாய், விரல் பட்டதும் சட்டென்று கையை இழுத்துக்கொண்டாள். தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. கடுங்குளிர் மாதத்தில், மலைச்சரிவிலிருந்து இறங்கும் தண்ணீர், யாரோ இப்போதுதான் குளித்துவிட்டு எழுந்துபோன தொட்டியைப் போல. கையை முகர்ந்து பார்த்தாள். ஆட்டுக் கொழுப்பின் வாடை.

நிமிர்ந்து மேலே பார்த்தாள். பைன் மரங்களுக்குப் பின்னால், இறைச்சி ஆலையின் கழிவுநீர்க் குட்டையைத் தாங்கி நிற்கும் மண்கரை. புதுக் குட்டை வெட்ட மனமில்லாமல் பழைய கரையின் தலையிலேயே மண்ணைக் கொட்டிக் கொட்டி மூன்று முறை உயர்த்தியிருந்தார்கள். அதற்கு நேர் கீழே, ஊர் கூடும் பொதுமனையான இந்த மராயே. ஆற்றில் வெள்ளம் வந்துவிட்டதால் கரையோர வீட்டுக்காரர்கள் எல்லாரும் பிள்ளைகுட்டிகளோடு நேற்றிலிருந்து இங்கேதான், பெரிய கூடத்தில் பாய் விரித்துக் கிடந்தார்கள்.

ஆலை மேலாளர் கெல்வினைப் போனில் பிடித்தாள்.

"வாய்க்கால்ல உங்க குட்டைத் தண்ணி வருது. வந்து கைய வச்சுப் பாருங்க."

"மழைத் தண்ணிம்மா அது."

"மழை வெந்நீரா பெய்யுமா?"

அவர் சிரித்தார். "ஹினெவாய், போன மாசமும் இதையேதான் சொன்னே. கரை மலை மாதிரி நிக்குது. உன் தம்பி மேலதான் பம்ப் வச்சு எறைச்சிட்டிருக்கான். என்னை நம்ப வேணாம், அவனையே கேளு."

போனை வைத்துவிட்டார். அவளுக்குக் காதுமடல் கொதித்தது. சமையலறையில் ஆட்டெலும்பும் கீரையும் கிளறிக்கொண்டிருந்த நையோவிடம், "பிள்ளைங்களைக் கிளப்பி வையி, தம்பி ஹோஹெபாவைக் கூட்டிட்டு வர்றேன்" என்றாள்.

"சாப்பாட்டு நேரத்துலயா? இருட்டப்போகுதுடி, எங்க கொண்டுபோறது?" என்று நையோ கரண்டியை ஆட்டினாள்.

ஹினெவாய் காரை எடுத்துக்கொண்டு சேற்றுப் பாதையில் ஏறினாள். மேலே போகப்போக வாடை கனத்தது. கழுவாத சட்டியில் உறைந்த கொழுப்பும் ஈரக் கம்பளியும் சாணமும் ஒன்றாகக் கலந்த அந்த வாடை, சன்னலை மூடியிருந்தும் தொண்டைக்குள் படிந்தது. கரையின் உச்சியில் இறங்கி நடந்தபோது செருப்பு எதிலோ சிக்கியது. கரை நெடுக ஒரு பிளவு. கையை விட்டாள். முழங்கைவரை போனது.

குட்டையில் தண்ணீரே தெரியவில்லை. எத்தனையோ வருடக் கொழுப்பும் குடல்கழிவும் இறுகி ஆளைத் தாங்கும் தடிமனில் ஆடை படிந்திருந்தது. ஆடுகள் கடைசியாக மேய்ந்த புல், அவற்றின் வயிற்றிலிருந்து வந்த விதைகளாக, அதன்மேல் செழித்து வளர்ந்திருந்தது. பார்ப்பதற்கு நல்ல புல்வெளி. நடுவில் பலகைகளைப் போட்டு, பம்புக்குப் பக்கத்தில் மஞ்சள் கோட்டுடன் நின்றிருந்தான் ஹோஹெபா.

"வெளிய வாடா! கரை பிளந்திருக்கு!"

"அது போன வருஷத்துலேர்ந்தே இருக்குக்கா! நீ முறைச்சா இன்னும் பிளக்கும்!"

"உன் பாஸ் வீடு எங்கடா இருக்கு? ஆத்துக்கு அந்தப்பக்க மேட்டுல! நம்ம பிள்ளைங்க எங்க இருக்கு?"

"கோபப்படாத. நல்ல சேதி இருக்கு. தண்ணி எறங்குது பாரு!"

பார்த்தாள். புல்வெளிக்கும் கரைக்கும் நடுவே, உள்சரிவில் கறுப்பாக ஓர் ஈரப் பட்டை. ஒரு சாண் இருக்கும். ஹோஹெபா போனில் பேசத் தொடங்கியிருந்தான். பம்ப் சத்தத்துக்கு மேல் அவன் கத்திப் பேசியது அவளுக்குக் கேட்டது. "பாஸ், பம்ப் சூப்பரா இழுக்குது. நல்லா எறங்குது. கீழ இருக்கிறவங்களைக் கிளப்பவே வேணாம்."

பம்பின் குழாய் அவள் காலருகே கரையைத் தாண்டிப் போயிற்று. அதன் வாயைத் தேடிப் போனாள். குழாய் துடித்துக்கொண்டுதான் இருந்தது. வாயிலிருந்து வந்தது காற்று. காற்றும், நூலாய்க் கொஞ்சம் நுரையும்.

அப்படியானால் தண்ணீர் எங்கே போகிறது?

திரும்பி ஓடி வந்தாள். ஈரப் பட்டை இப்போது முழங்கால் உயரம்.

"பம்ப் இழுக்கலடா! வா! வந்துடு!"

மோட்டார் இப்போது அலறியது; அந்தச் சத்தத்தில் அவனுக்குக் கேட்கவில்லை. காதில் கையை வைத்துக் காட்டினான்.

இடுப்பு உயரம்.

காலுக்கடியில், கரைக்குள்ளே, ஏதோ ஒரு சத்தம். பெரிய தொண்டை ஒன்று மடக்மடக்கென்று குடிப்பதுபோல. நிறுத்தாமல். மூச்சுவிடாமல்.

நையோவைக் கூப்பிட்டாள். இரண்டு முறை தவறி, மூன்றாவதில் மணி போனது.

"எல்லாரையும் வெளிய கொண்டு போ! இப்பவே! மேட்டுக்கு!"

"ஏன்டி கத்துற? கெல்வின் இப்பதான் போன் பண்ணாரு. தண்ணி எறங்குதாமே. சோறு போட ஆரம்பிச்சுட்டேன், இரு, தட்டு வச்சுட்டு வர்றேன்..."

போன் மேசைமேல் வைக்கப்படும் ஓசை. கரண்டிகள். பிறகு, சாப்பிடும்முன் பாடும் பாட்டைப் பிள்ளைகள் தொடங்கினார்கள்.

"ஓடுங்க! நையோ! ஓடுங்க!"

பாட்டு நிற்கவில்லை.

காலுக்கடியில் மண் மெல்ல நெகிழ்ந்தது. எந்தப் பக்கம் ஓடுவது. தம்பியிடமா. கீழேயா. கால் நகரவில்லை.

குட்டைக்குள், அந்தப் பச்சைப் புல்வெளி ஒரு சுருக்கமும் விழாமல், ஓசையில்லாமல், கீழே கீழே போய்க்கொண்டிருந்தது. அதன் நடுவே ஹோஹெபா. அவன் தலை இப்போது அவள் பாதத்துக்கு வெகு கீழே. அண்ணாந்து அக்காவைத் தேடினான். கண்டுபிடித்தான். பல் தெரியச் சிரித்துக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான்.